மெஷினில் கை மாட்டினால்: வாசகர் கேள்வி – பதில்

வேலை இடத்தில் நடக்கும் பெரிய காயங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பீன்யா, காமாட்சிபாளையா, பொம்மசந்திரா, கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவர்கள் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பதால் யார் பெயரும் இங்கே இல்லை, ஊர் மட்டும்தான். நான் பெங்களூரில் தொழிற்சாலை மருத்துவ அறைகளில் நர்ஸாக வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். பக்கத்து மெஷினில் இருந்த பையனுக்கு ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. ஒருத்தர் விரலை எடுத்து, டீக்கடையிலிருந்து ஐஸ் வாங்கி அதற்குள் புதைத்து வைத்தார். இன்னொருத்தர் மணிக்கட்டில் பைண்டிங் வயரைச் சுற்றி இறுக்கினார். முதலில் பக்கத்துக் கிளினிக், அப்புறம் ஒரு நர்சிங் ஹோம், கடைசியில்தான் பெரிய ஆஸ்பத்திரி. "ஒட்ட முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? (பீன்யா)

பதில்: தம்பி, முதலில் ஒன்று. பிரஸ்ஸில் போன விரல் பெரும்பாலும் நசுங்கித்தான் போகும். நசுங்கிய விரலை எவ்வளவு சரியாகக் கொண்டுபோனாலும் சில சமயம் ஒட்ட முடியாது, அதனால் நம்மால்தான் போச்சு என்று நீங்கள் யாரும் மனதைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அடுத்த முறை வேறு மாதிரி செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

மெயினை ஆஃப் செய்யுங்கள். ஃப்ளைவீல் (கனமான சுழல் சக்கரம்) உள்ள பழைய பிரஸ் மோட்டார் நின்ற பிறகும் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும், அது முழுக்க நின்றபிறகுதான் டைக்குள், அதாவது அச்சுக்குள், கை விட வேண்டும். அடிபட்டவனைத் தரையில் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் மயங்கி விழுந்து தலையிலும் அடிபட்டுக்கொள்வான். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, கையைத் தூக்கிப் பிடித்து, அழுத்திக்கொண்டே இருங்கள். ரத்தம் நின்றதா என்று நிமிஷத்துக்கொரு தரம் துணியைத் திறந்து பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது கூடாது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணி வைத்து இன்னும் அழுத்துங்கள், அவ்வளவுதான். விரலில் வரும் ரத்தம் பெரும்பாலும் இந்த அழுத்தத்திலேயே அடங்கிவிடும். வயர், கயிறு, கேபிள் டை, ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். மெல்லிய கட்டு தோலையும் நரம்பையும் அறுக்கும்.

முன்கை, தொடை மாதிரி இடத்தில் வெட்டுப்பட்டு, அழுத்தியும் ரத்தம் பீச்சி அடித்தால் மட்டும் கட்டுப் போட வேண்டும். இரண்டு, மூன்று விரல் அகலத் துணி, காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, முட்டியிலோ முழங்கையிலோ படாமல். முடிச்சில் ஒரு ஸ்பேனரைச் செருகித் திருகுங்கள், ரத்தம் நிற்கும்வரை. வலியில் கத்துவான், பாவம் பார்த்துத் தளர்த்திவிடாதீர்கள். கட்டிய மணியை அவன் நெற்றியிலோ சட்டையிலோ மார்க்கரால் எழுதிவிட்டால் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துக்கொள்வார். தொடையில் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிஷங்களில் உயிர் போகும், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க அங்கே நேரம் இல்லை.

இனி விரல். ஐஸில் நேராகப் புதைத்தால் திசு உறைந்து செத்துவிடும், ஒட்டினாலும் பிழைக்காது. மேலே இருக்கும் எண்ணெயையும் தூளையும் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாமல் வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ டப்பாவிலோ வையுங்கள். விரல் ஐஸையும் தொடக்கூடாது, தண்ணீரிலும் மிதக்கக்கூடாது. இப்படிக் குளிர்ச்சியாக வைத்தால் விரல் 24 மணி நேரம்கூடத் தாங்கும், சாதாரணமாக வெளியில் வைத்தால் 12 மணி நேரம் வரை. சதை அதிகம் இருக்கிற இடம், அதாவது மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் கணக்கே வேறு, குளிர்ச்சி இல்லாமல் 6 மணி நேரம்தான். விரலைக் காணவில்லை என்றால் டைக்குள் தேடுவதற்கு முன்னால் கிளவுஸுக்குள் பாருங்கள், பல சமயம் அங்கேதான் இருக்கும். துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எவ்வளவு நசுங்கியிருந்தாலும் கூடவே கொண்டு போங்கள். உதவாது என்று முடிவு செய்வது டாக்டர் வேலை.

தண்ணீர், டீ, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். வயிறு காலியாக இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுக்கத் தாமதமாகும். பீடி சிகரெட்டும் கூடாது, புகை மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஒட்டிய விரல்கூட அதனால் கெட்டுப் போகிறது. மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.

நீங்கள் மூன்று இடம் அலைந்தீர்களே, அங்கேதான் நேரம் போயிருக்கிறது. கையில் நுண் அறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன் ராத்திரியிலும் எங்கே இருப்பார் என்பதை விபத்து நடந்தபிறகு தேட முடியாது. இந்த வாரமே இரண்டு மூன்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "விரல் துண்டானால் ஒட்டுவீர்களா, எந்த நேரத்திலும் செய்வீர்களா" என்று நேராகக் கேட்டு, அந்த நம்பர்களைப் பிரஸ்ஸுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். துமகூரு ரோட்டில் சாயந்தரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்து எது முதல், எது இரண்டாவது என்று முடிவு செய்யுங்கள். நம் ஆட்களில் நிறையப் பேருக்கு "வேலூருக்கே கொண்டு போயிடலாம்" என்றுதான் முதலில் தோன்றும். கை அறுவைச் சிகிச்சையில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பெரிய பேர் உண்டு, டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்த காலத்திலிருந்து வருகிற பேர் அது. ஆனால் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஆளை 200 கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோகும் முடிவை நீங்களாக எடுக்காதீர்கள். முதலில் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அங்கிருந்து அனுப்பச் சொன்னால் அப்போது பார்க்கலாம்.

கேள்வி: பிளேட்டிங் (முலாம் பூசும்) யூனிட்டில் வேலை செய்கிறேன். ஆசிட் தெறித்தால் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினால் முறிந்துவிடும் என்று மேஸ்திரி சொல்கிறார். கண்ணில் பட்டால் பால் ஊற்றலாமா? எங்கள் யூனிட்டில் பாதி நாள் குழாயில் தண்ணீரே வராது. (காமாட்சிபாளையா)

பதில்: சுண்ணாம்பும் வேண்டாம், சோடா உப்பும் வேண்டாம், பாலும் வேண்டாம். ஆசிடும் காரமும் தோல்மேல் சேர்ந்தால் சூடு கிளம்பும், ஏற்கெனவே வெந்த இடம் இன்னும் வேகும். தண்ணீர், நிறையத் தண்ணீர், விடாமல் தண்ணீர். தோலில் பட்டால் குறைந்தது 20 நிமிஷம், ஓடுகிற தண்ணீரில். நனைந்த துணியைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கழற்றுங்கள், வெட்கம் பார்க்கும் நேரம் இல்லை அம்மா, வேண்டுமானால் மற்ற பெண்கள் ஒரு துப்பட்டாவைப் பிடித்து மறைத்து நிற்கட்டும். காஸ்டிக் சோடா மாதிரி காய்ந்த தூளாக இருந்தால் முதலில் துணியால் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர்.

கண் என்றால் இமையை விரலால் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக, அடுத்த கண்ணுக்குள் வழியாதபடி, 15 முதல் 30 நிமிஷம் ஊற்ற வேண்டும். தானாகக் கண்ணைத் திறக்க முடியாது, வலி அப்படி இருக்கும், அதனால் ஒருத்தர் பிடிக்க வேண்டும், ஒருத்தர் ஊற்ற வேண்டும். ஆசிடைவிடக் காஸ்டிக், சுண்ணாம்பு போன்ற கார வகைதான் கண்ணுக்கு இன்னும் மோசம், உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் ஊற்றிக்கொண்டே எடுத்துவிடுங்கள். கழுவி முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரி. வண்டியைத் தேடிக்கொண்டு கழுவாமல் கிளம்பினால் போகிற வழியெல்லாம் கண் வெந்துகொண்டே இருக்கும்.

குழாயில் தண்ணீர் வராத விஷயத்தை அப்படியே விடக்கூடாது. 2024 கோடையில் இந்த நகரம் தண்ணீருக்குத் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கண் கழுவும் கருவிக்குச் சொல்லப்படும் அளவு நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர், 15 நிமிஷத்துக்கு 23 லிட்டர் கிட்ட வரும். அதாவது குடிக்க வாங்குகிற 20 லிட்டர் கேன் இரண்டு இருந்தால் ஒருத்தர் கண்ணை 25 நிமிஷம் கழுவலாம். தொட்டிகளுக்குப் பக்கத்தில், பத்து நொடியில் எட்டுகிற தூரத்தில், ஒரு ஸ்டூலின்மேல் குழாய் வைத்த இரண்டு கேன், உடம்புக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று, ஒரு மக். டிரம்மின்மேல் "ஆசிட் பட்டால் மட்டும்" என்று தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் கை கழுவியே காலி செய்துவிடுவார்கள். ஓனருக்கு இதில் பெரிய செலவு இல்லை, நேராகக் கேளுங்கள்.

இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிக்ளிங் செய்கிற, அதாவது ஸ்டீலை ஆசிடில் முக்கிச் சுத்தம் செய்கிற இடங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும். சின்னச் சிவப்பாகத்தான் தெரியும், சில சமயம் வலிகூட மணிக்கணக்கில் கழித்துத்தான் வரும், ஆனால் அது தோலைத் தாண்டி உள்ளே போய் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையே நிறுத்தும். கழுவியபிறகு கால்சியம் குளுக்கோனேட் 2.5 சதவீத ஜெல் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த ஜெல் இல்லாத யூனிட்டில் அந்த ஆசிட் கேனைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த ஆசிட் என்று டாக்டருக்குத் தெரிய, கேனில் இருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்ட எங்கள் எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிஷத்தில் எழுந்து டீ குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அப்படி விடலாமா? (பொம்மசந்திரா)

பதில்: விடக்கூடாது. கரண்ட் உள்ளே போன இடமும் வெளியே வந்த இடமும் சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும், நடுவில் சதை வெந்திருக்கலாம், இதயத் துடிப்பு தடுமாறியிருக்கலாம். அன்றைக்கே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, உடனே ஓடுங்கள். ஆள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால், மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும், மூச்சு இல்லை என்று தெரிந்தவுடன் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்த ஆரம்பியுங்கள். ஒருத்தர் அழுத்தும்போது இன்னொருத்தர் 108-க்குப் பேசட்டும், கை சோர்ந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கரண்ட் அடித்து நின்ற இதயம் இப்படித் திரும்ப ஓடும் வாய்ப்பு உண்டு, அதனால் ஆம்புலன்ஸ் வரும்வரை கைவிடாதீர்கள்.

கேள்வி: அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் இறங்கிய ஒருத்தர் மயங்கினால், யார் முதலில் இறங்குவது, எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுங்கள். (ஒயிட்ஃபீல்டு)

பதில்: யாரும் இறங்கக்கூடாது அண்ணா. நீங்களும் கூடாது, அவர் கூடப் பிறந்த தம்பியாக இருந்தாலும் கூடாது. முதல் ஆள் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் செத்த செய்தியைத்தான் நாம் ஒவ்வொரு முறையும் படிக்கிறோம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை மாதிரி நாறும், ஆனால் அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் ஆள் விழுகிறார். கர்ச்சீப்பை நனைத்து மூக்கில் கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. காற்றில் ஆக்ஸிஜன் சாதாரணமாக 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்து என்று கணக்கு, மூடிக்கிடந்த தொட்டியில் அது இன்னும் எவ்வளவு கீழே போயிருக்கும் என்று மீட்டர் இல்லாமல் யாருக்கும் தெரியாது.

112-க்குப் போன் போட்டு, "தொட்டிக்குள் ஆள் மயங்கிக் கிடக்கிறார், விஷவாயு, மூச்சுக் கருவியோடு தீயணைப்பு வண்டி வேண்டும்" என்று சொல்லுங்கள். எல்லா மூடியையும் திறந்துவிடுங்கள். பெரிய ஃபேனோ ப்ளோயரோ இருந்தால் வெளியில் வைத்து உள்ளே காற்றைத் தள்ளுங்கள். இறங்கியவர் இடுப்புப் பட்டையும் கயிறும் கட்டியிருந்தால் மேலே நின்றே இழுத்துவிடலாம். கயிறு கட்டாமல் இறக்கியிருந்தால் உங்கள் கையில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதனால்தான் இறக்குவதற்கு முன்பே "கயிறு எங்கே, மீட்டர் எங்கே" என்று கேட்டு வேலையை நிறுத்துகிற அதிகாரம் உங்களுக்கு வேண்டும் என்று அசோசியேஷனிடம் எழுத்தில் வாங்குங்கள். சாக்கடை, செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல். அசோசியேஷன் மீட்டிங்கில் இந்த எண்களையும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 35 வயது. தங்கவயலிலிருந்து ரயிலில் போய் வந்துகொண்டிருந்தார். ஏழு பேர் வேலை செய்யும் சின்ன ஷெட்டில் சம்பளம் 15,000. மெஷினில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே ஓனர், "வண்டியில் விழுந்துட்டேன்னு சொல்லு, மெஷின்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், செலவை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் அப்படியே சொல்லிவிட்டார். இப்போது 30,000 கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்கிறார். வாங்கிக்கொள்ளட்டுமா? (கோலார் தங்கவயல்)

பதில்: அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு வந்த கடிதங்களில் என்னை அதிகம் கோபப்படுத்தியது உங்களுடையதுதான். ரத்தம் ஒழுக வண்டியில் உட்கார்ந்திருக்கிறவனிடம், வலியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வருஷக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பழகவில்லை.

உங்கள் ஊரில் சுரங்கம் 2001-இல் மூடும்வரை வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள், சுரங்க விபத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம், அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஷெட்டில் நடந்தாலும் எழுத்துதான் எல்லாம். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய காயம்) பதிவில் "மெஷினில் அடிபட்டது" என்று இருந்தால் மீதி வழி சுலபம், "வண்டியில் விழுந்தது" என்று இருந்தால் ஒவ்வொரு மேஜையிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சுலபம் இல்லை, ஆனால் முடியாததும் இல்லை. பிரஸ்ஸில் போன விரலுக்கும் ரோட்டில் சிராய்த்த விரலுக்கும் காயம் வேறு வேறாக இருக்கும், டாக்டருக்கு அது தெரியும். இப்போதே அதே ஆஸ்பத்திரிக்குப் போய், பயத்தில் மாற்றிச் சொன்னதை எழுத்தில் கொடுத்து, ஃபைலில் சேர்க்கச் சொல்லி, முத்திரை வைத்த நகல் வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படியே ஒரு மனு. அன்றைக்கு ஷிப்டில் இருந்தவர்கள் பெயர், அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார், சம்பளம் வந்த போன் மெசேஜ், ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப், ரயில் சீசன் டிக்கெட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஓனரோடு போனில் பேசுவதைக் குறைத்து மெசேஜில் பேசுங்கள், அவர் பதிலே சாட்சியாகிவிடும்.

"போலீஸ் கேஸ் ஆனால் ஆஸ்பத்திரியில் தொட மாட்டார்கள்" என்பதும் பொய். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் வேலை எல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது, அது தனியார் டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனிப் பணம். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீத இழப்பு. கட்டைவிரல் முழுக்கப் போனால் 30, நான்கு விரலும் போனால் 50. கணக்கு இப்படி: சம்பளத்தில் 60 சதவீதம் 9,000, 35 வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 197.06, இரண்டையும் பெருக்கினால் 17,73,540, அதில் 20 சதவீதம் 3,54,708 ரூபாய். ஓனர் கொடுக்கிறேன் என்பது 30,000. இதுபோக ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர் பொறுப்பு. ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தார் என்றால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கணக்கு முறை தொடர்கிறது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாள் சட்டத்தில் செல்லாது, ஆனாலும் அதை உடைக்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும் என்பதால்தான் கையெழுத்தே வேண்டாம் என்கிறேன். இரண்டு வருஷம் ஆவதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள், அதற்கு மேல் தள்ளவே கூடாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். தொழிலாளிக்கும், பெண் என்ற முறையில் உங்களுக்கும் இலவச சட்ட உதவி உரிமை உண்டு, வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும், கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு நேராகப் போனாலும் சரி. தொழிலாளர் துறைக்குப் பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் கார்மிக பவனில் விசாரியுங்கள்.

உங்கள் மாதிரி இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 21,000 வரை சம்பளம் என்றால் அது இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கணக்கு. நேற்று சேர்ந்து இன்றைக்கு அடிபட்டாலும் உரிமை உண்டு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், நிரந்தர ஊனம் என்றால் வாழ்நாள் முழுக்க மாதாமாதம். ஓனர் பெயர் பதியாமல் ஏமாற்றியிருந்தாலும் தொழிலாளி உரிமை போகாது, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் அந்தப் பணத்தை ஓனரிடம் வசூல் செய்துகொள்ளும். பீன்யாவிலும் ராஜாஜிநகரிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. விபத்து அறிக்கையைக் கம்பெனி அனுப்பியதா என்று நீங்களே கேட்டு நகல் வாங்குங்கள்.

கேள்வி: மேலே எழுதியிருப்பது போன்ற ஓனர் இல்லை நான். எட்டுப் பேரை வைத்து ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட் நடத்துகிறேன். என் பையன்களுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? (லக்கெரே)

பதில்: நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம் அண்ணா. முதல் வேலை, ஊழியர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று எடுங்கள். எட்டுப் பேர்தான் என்பதால் இ.எஸ்.ஐ. உங்களுக்கு வராமல் இருக்கலாம், ஆனால் ஒரே ஒருத்தர் வேலை செய்தாலும் இழப்பீடு உங்கள் தலையில்தான். பாலிசி இல்லாவிட்டால் ஒரு விபத்தில் அவன் குடும்பமும் போகும், உங்கள் ஷெட்டும் போகும். நல்ல ஓனரைக்கூடப் பொய் சொல்ல வைப்பது அந்தப் பயம்தான்.

முதலுதவிப் பெட்டியைப் பூட்டி, சாவியை உங்கள் மேஜை டிராயரில் வைக்காதீர்கள். அதில் பேண்ட் எய்டும் பஞ்சும் மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை. பெரிய காஸ் பேட்கள், அகலமான பேண்டேஜ், முக்கோணத் துணி, ஒரு டர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை), கனமான துணி வெட்டும் கத்தரி, கையுறை, ஜிப் உள்ள பிளாஸ்டிக் பை நாலைந்து, தீக்காயத்தின்மேல் சுற்ற சமையலறையில் வைத்திருக்கிற மாதிரி கிளிங் ஃபிலிம் ஒரு ரோல், மார்க்கர் பேனா. வெல்டிங் தீக்காயத்துக்கு 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர், அவ்வளவுதான். மஞ்சள், பேஸ்ட், இங்க், எண்ணெய், ஐஸ் எதுவும் கூடாது. கண்ணிலோ வயிற்றிலோ கம்பி குத்தி நின்றால் அதைப் பிடுங்க விடாதீர்கள், ஆடாமல் சுற்றித் துணி வைத்துக் கட்டி அப்படியே கொண்டு போக வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவனை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் திணித்தால், உடையாத முதுகுத் தண்டும் உடையும். அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கழுத்தை அசைக்காமல் அங்கேயே வைத்து 108-க்குக் காத்திருங்கள்.

எட்டுப் பேரில் இரண்டு பேரைச் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புங்கள், ஒருத்தர் லீவில் இருந்தால் இன்னொருத்தர் இருக்க வேண்டும். யார் மெயினை அணைப்பது, யார் காயத்தைப் பிடிப்பது, யார் போன், யார் மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் ஆம்புலன்ஸைச் சந்துக்குள் கூட்டி வருவது என்று பெயர் சொல்லிப் பிரித்து, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சும்மா ஒரு தரம் செய்து பாருங்கள். லக்கெரே சந்துகளில் ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தர்மபுரியிலிருந்தும் பீகாரிலிருந்தும் புதிதாக வந்த பையன்களுக்குக் கன்னடத்தில் அட்ரஸ் சொல்ல வராது. அதனால் ஷெட் விலாசம், பக்கத்துக் கோயில் அல்லது பெட்ரோல் பங்க் பெயர், "கை மெஷின்கெ சிக்காக்கொண்டிதெ, ரக்த ஹோக்தா இதெ" (கை மெஷினில் மாட்டிக்கொண்டது, ரத்தம் போகிறது) என்கிற கன்னட வரி எல்லாவற்றையும் தமிழ், இந்தி எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், பார்த்துப் படித்தால் போதும்.

கேள்வி: நான் ஹெல்பர், 19 வயது. அண்ணனுக்குக் கை போனதை நேரில் பார்த்தேன். அதிலிருந்து பிரஸ் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை. கோழை என்று சொல்கிறார்கள். (ஹெக்கனஹள்ளி)

பதில்: கோழைத்தனம் இல்லை தம்பி, பார்த்ததற்கு உடம்பு அப்படித்தான் பதில் சொல்லும், பலருக்குச் சில வாரத்தில் குறையும். குறையாவிட்டால், அல்லது அதே காட்சி கண்முன்னால் வந்துகொண்டே இருந்தால், 14416-க்குப் பேசு. அது டெலி மானஸ், அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பிக்காதே, நடுங்குகிற கையோடும் தூங்காத கண்ணோடும் பிரஸ்ஸில் உட்காராதே. கொஞ்ச நாள் பேக்கிங்கிலோ ஸ்டோரிலோ போடச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேள், தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வயதில் பெரிய ஆபரேட்டர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போ.